அடைக்கோழியும் அடுத்த வீட்டு முட்டையும்

போரூர் தாண்டிப் பூந்தமல்லி சாலையில் வரும் ஐயப்பன்தாங்கலில் வீடுகள் நெருக்கம். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே கூண்டில் நாட்டுக்கோழி வளர்த்தால், முட்டை எடுக்கும் வரை பெரிய சிக்கல் வராது. ஒரு கோழி அடை உட்கார்ந்துவிட்டால்தான் கேள்விகள் கிளம்பும். யார் வீட்டு முட்டை, யாருக்குக் குஞ்சு, செத்துப் போனால் யார் பொறுப்பு? இவற்றை அடை வைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். 21 நாள் கழித்துப் பேச உட்கார்ந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பொதுக்கூண்டில் அடை ஏன் கெடுகிறது?

அடைக்கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான் இறங்கும். தீனி தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் வேறொரு கோழி அங்கே ஏறி முட்டையிட்டுவிடும். முதல் நாள் வைத்த முட்டையும் பத்தாம் நாள் சேர்ந்த முட்டையும் ஒன்றாகப் பொரியாது. முதலில் பொரிந்த குஞ்சுகளோடு ஓரிரு நாளில் தாய் இறங்கிவிடும். பிந்திச் சேர்ந்த முட்டைக்குள் பாதி வளர்ந்த கரு குளிர்ந்து செத்துவிடும். இடத்துக்கு நடக்கும் தள்ளுமுள்ளில் முட்டைகள் உடைவதும் உண்டு. உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்த கோழி அடுத்ததையும் கொத்தத் தொடங்கும்.

இதற்குத் தீர்வு தனி இடம்தான். அகன்ற கூடையிலோ மண்சட்டியிலோ மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, மற்றக் கோழிகள் நுழையாதபடி வலைத் தடுப்பு வையுங்கள். கோழியை இரவில் இடம் மாற்றினால் கலவரப்படாது. முதல் ஓரிரு நாள் வேண்டாத முட்டைகளை வைத்துப் பார்த்து, அது நிலையாக உட்கார்ந்த பிறகு நல்ல முட்டைகளை ஒரே நாளில் வையுங்கள். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பது நம்பிக்கை. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முட்டையைக் காப்பாற்றுவது நிழலும் காற்றும் ஈரமில்லாத தரையும்தான்.

சிறுவிடைக் கோழிக்குப் பத்து முட்டை போதும். உடல் பெருத்த கோழி பன்னிரண்டு வரை தாங்கும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதியும் வீட்டு அடையாளமும் எழுதுங்கள். அடையாளம் இல்லாத முட்டை தென்பட்டால் அன்றே எடுத்துவிடலாம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை, கழுவிய முட்டை, ஃப்ரிட்ஜில் இருந்த முட்டை ஆகியவற்றைத் தவிருங்கள். கடையில் விற்கும் பண்ணை வெள்ளை முட்டை சேவல் சேராமல் இட்டது, பொரியவே பொரியாது. ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகவே இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தரையோடு வைப்பதும் ஆபத்து. 2015, 2021 மழைகளில் இந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குஞ்சு யாருக்கு?

கிராமங்களில் கால்நடையை வாரத்துக்கு விடும்போது ஈற்றில் பங்கு பேசிக்கொள்வார்கள். பொதுக்கூண்டுக்கும் அதுவே நல்ல வழி. சட்டமும் இதை ஒட்டியே போகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 163ஆம் பிரிவில், பராமரிக்க ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்தே உரிமையாளரிடம் தர வேண்டும் என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படிதான். முட்டை ஒருவருடையது, அடைக்கோழி இன்னொருவருடையது என்றால் பேச்சு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும். முட்டைக்காரருக்கு எத்தனை, கோழிக்காரருக்கு எத்தனை, தீனிச் செலவு யாருக்கு, இழப்பு எப்படிப் பகிரப்படும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால் போதும்.

நோயும் பொதுதான்

வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழிக்கு வந்தால் கூண்டையே காலி செய்துவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசியும் தேவை. கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இதற்கு இலவச முகாம் நடத்துகிறது. எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் ஒன்றாகப் போடுங்கள். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை. பறவைக் காய்ச்சலுக்காக அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. தானாகச் செத்தவற்றுக்குக் கிடையாது. ஆகவே மறைப்பதால் நஷ்டம் உங்களுக்கே. குஞ்சைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

வதை வேண்டாம்

அடை தெளிய வைக்கிறேன் என்று கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் கொடுமை. தேவையில்லாமல் விலங்கைத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடி காற்றோட்டமான கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். முட்டை தேடிச் சாரைப்பாம்பு வந்தாலும் அடிக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட உயிர். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு

எச்ச நாற்றமும் ஈயும் தாங்க முடியாமல் போனால் பக்கத்து வீட்டார் உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் தரலாம். பொதுத்தொல்லை என்று கண்டால் அதை நீக்க உத்தரவிட நிர்வாக நடுவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதே நேரம், எரிச்சலில் ஒருவர் கோழிக்கு விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். சந்தேகம் இருந்தால் செத்த கோழியைப் புதைக்கும் முன் படம் எடுத்து, காவல் நிலையத்திலும் கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கால்நடை அவசரத்துக்கு 1962, இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்களையும் அடை வைத்த தேதி, பொரிக்கும் தேதி, முட்டைக் கணக்கு, பங்கு விவரத்தோடு ஒரே தாளில் எழுதிக் கூண்டுக் கதவில் ஒட்டிவிடுங்கள். எல்லோர் கண்ணிலும் படும் கணக்கில் தகராறுக்கு இடம் குறைவு.