பூஜ்யம் எப்படி வந்தது?

கழுத்து வழியாகவோ தோள்பட்டைக்குக் கீழிருந்தோ, இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை செலுத்தப்படும் மெல்லிய குழாய்க்கு சென்ட்ரல் லைன் என்று பெயர். ஐசியூ நோயாளிகள் பலருக்கு மருந்தும் ஊட்டமும் அதன் வழியாகப் போகும். சுத்தம் தவறினால் கிருமியும் அதன் வழியாகவே ரத்தத்துக்குள் போகும், உயிருக்கே ஆபத்து. ஐசியூவில் இதெல்லாம் சகஜம் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணிவந்தது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஐசியூ மருத்துவராக இருந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட் இதை ஏற்கவில்லை. குழாய் போடும்போது செய்ய வேண்டியவற்றை 2001-ல் ஒரே தாளில் எழுதினார். எல்லாமே பாடப்புத்தகத்தில் இருந்தவைதான். முதலில் நர்ஸுகள் வெறுமனே கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டது தெரிந்தது. அடுத்து, ஏதேனும் விடுபட்டால் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுகளுக்குத் தரப்பட்டது. நிர்வாகம் அவர்கள் பக்கம் நின்றது. தொற்று வெகுவாகக் குறைந்தது.

2004-ல் மிச்சிகன் மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்கள் இதைக் கையில் எடுத்தன. கைகழுவுதல், முகக்கவசம் முதல் கையுறை வரை முழுப் பாதுகாப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், கூடியவரை தொடை வழியாகக் குழாய் போடுவதைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல் என ஐந்தே விதிகள்.

கணக்கு எப்படி? இரண்டு பேருக்குக் குழாய் போட்ட பிரிவையும் இருபது பேருக்குப் போட்ட பிரிவையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் ஒரு நோயாளிக்குக் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. அப்படிப்பட்ட 1,000 நாட்களுக்கு எத்தனை தொற்று என்பதே அளவு. ஐசியூக்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பிரிவின் அளவு, மூன்றே மாதங்களில் 2.7-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு முடிவில் மொத்தச் சராசரி 7.7-லிருந்து 1.4 ஆனது. 2006 டிசம்பரில் வெளியான இந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆனால் பூஜ்யம் இரண்டு வழிகளில் வரலாம். தொற்றே இல்லாமலும் வரலாம். யாரும் தேடாமலும் வரலாம். காய்ச்சல் வந்ததும் ரத்தத்தை கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பும் பிரிவில் தொற்று அகப்படும். அனுப்பாத பிரிவின் ஏடு சுத்தமாக இருக்கும். 2009-ல் இங்கிலாந்து இதே திட்டத்தைத் தொடங்கியபோது, அங்கும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் சேருமுன்பே பல ஐசியூக்களில் அது குறைந்துகொண்டிருந்தது. பிரிவுகளுக்குள் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், ஒவ்வொரு இடத்திலும் எண்ணும் விதமே வேறு வேறாக இருந்ததைக் கண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேவையற்ற குழாய்களைச் சீக்கிரம் எடுத்துவிடும் நல்ல பிரிவில் குழாய் நாட்கள் குறையும். மிஞ்சுவது மிகவும் நலிந்த நோயாளிகள். தொற்று எண்ணிக்கை குறைந்தாலும் விகிதம் ஏறித் தெரியக்கூடும்.

பணத்தால் மிரட்டினால் திருந்துமா? 2008 அக்டோபரில் அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மருத்துவமனையில் வந்த இத்தகைய தொற்றுக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. 2012-ல் வெளியான ஆய்வில் அதனால் தொற்று குறைந்ததற்கான தடயம் தென்படவில்லை.

மாறாக, மிச்சிகனில் தொற்று எண்கள் மாதந்தோறும் அந்தந்தப் பிரிவுக்கே திரும்பின. மூத்த நிர்வாகிகள் ஐசியூவுக்கு வந்து, இல்லாத குளோர்ஹெக்சிடினை வாங்கித் தந்தார்கள். நாளைக் காலை ஒரு வேலையை மாற்றத் தூண்டும் எண்ணே தரத்தின் அளவுகோல். ஒரு மருத்துவமனை ‘எங்களிடம் தொற்று பூஜ்யம்’ என்று பலகை வைத்தால், எத்தனை கல்ச்சர் அனுப்பினீர்கள் என்று கேட்பதே முதல் கேள்வி.