நட்டக் கணக்கும் வீட்டு ஒளியிழையும்

வணிக நிறுவனம் ஒன்று நட்டமடைந்தது என்னும் செய்தி அதன் பங்குதாரரை மட்டுமே வருத்தும் என்று பலர் எண்ணுவதுண்டு. தெருவிலுள்ள அரிசிக் கடை மூடப்பட்டால் அடுத்த தெருக் கடைக்குச் செல்லலாம். துணிக் கடைக்கும் அவ்வாறே. வீட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே வந்திருக்கும் இணைய இழையின் நிலை வேறானது. அதனை இட்ட நிறுவனம் தளர்ந்தால், அதே இழையை மற்றொரு நிறுவனத்தின் வலையில் வீட்டுக்காரர் தாமாக இணைத்துக்கொள்ள இயலாது. புதிய இழை வரவேண்டும். புதிய கருவி வரவேண்டும். தொடர்மாடியாயின் நிர்வாகக் குழுவின் இசைவும் வேண்டும். ஆகவே, கடன் சுமையில் உழலும் நிறுவனம் ஒன்றிடம் இணைப்புப் பெறலாமா, பெற்ற இணைப்பை வைத்திருக்கலாமா என்பது, பங்குச் சந்தையின் பக்கமே செல்லாத குடும்பத்துக்கும் உரிய கேள்வியாகின்றது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்துள்ள தொடர்மாடிகளிலே, பிள்ளைகளை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோர் பலர். பேரப்பிள்ளைகளின் முகம் காண்பது அவர்களுக்கு இந்த இழையின் வழியேதான். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய வீடுகளிலே உயர்தர வகுப்பு மாணவர் இணையவழி பாடம் கேட்கின்றனர். சிறு வணிகர் வங்கிக் கணக்கைப் பார்க்கின்றனர். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே பணியாற்றும் இளைஞரும் உளர். இணைப்பு ஒரு வாரம் அறுந்தால், இவர்களுள் ஒருவருக்குப் பேச்சுத்துணை போகும். மற்றொருவருக்கு ஊதியமே போகும்.

இக்கேள்வி இலங்கையில் வெறுங்கற்பனையாய் எழுந்ததன்று. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சந்தாவை ரூபாவிற் பெறுகின்றன. கருவிகளையோ டொலரில் வாங்குகின்றன. டொலர்க் கடன் பெற்றிருந்தவற்றின் சுமை சில வாரங்களிலேயே பெருகியது. டயலொக் நிறுவனம் அவ்வாண்டில் நாணய மாற்றால் பெரும் நட்டங்கண்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. மத்திய வங்கியின் கடன் வட்டி வீதம் 2023 மார்ச்சில் 16.5 சதவீதமாயிற்று. சந்தாக் கட்டணங்களோ 2022 செப்டெம்பரில் 20 சதவீதமே உயர்த்தப்பட்டன.

இதன் பயனாக, நாட்டின் மிகப் பெரிய நிலைத் தொலைபேசி நிறுவனமாகிய ஸ்ரீலங்கா ரெலிகொம் குழுமம் 2023ஆம் ஆண்டை ஏறத்தாழ 390 கோடி ரூபா நட்டத்துடன் முடித்தது. அதே காலத்தில் திறைசேரி அந்நிறுவனத்தில் தனக்கிருந்த 49.5 சதவீதப் பங்கை விற்க முன்வந்தது. 2024 ஜனவரியில் இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று நிறுவனங்கள் வாங்க விருப்பந் தெரிவித்திருந்தன. நட்டமும் விற்பனையும் ஒருங்கே செய்தியானபோது, வீட்டு இணைப்பின் கதி யாதாகும் என்ற ஐயம் எழுந்தமை இயல்பே.

இவ்வையத்தைத் தெளிவதற்கு முதற்கண் இழையின் அமைப்பை அறிதல் நன்று. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு கண்ணாடி இழை, தெருக்கம்பத்திலோ கட்டடத்தின் அடித்தளத்திலோ உள்ள சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படலாம். ஒளியைப் பிரிக்கும் அப்பகுதிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை; இழை துருப்பிடிப்பதுமில்லை. முறையாக இடப்பட்ட இழை பல்லாண்டுகள் உழைக்கும். மின்சாரமும் பராமரிப்பும் வேண்டுவன இரு முனைகளிலுமுள்ள கருவிகளே. நிலையத்துக்கு அப்பால், நாட்டுக்கு வெளியே செல்லும் கடலடி வடங்கள் உள்ளன. வெள்ளவத்தைக்கு அண்மையிலுள்ள கல்கிசைக் கரையில் டயலொக்கின் வங்காள விரிகுடா வடம் ஏறுகின்றது. ஸ்ரீலங்கா ரெலிகொம் பங்குகொண்ட சீ-மீ-வீ 5 என்னும் வடம் மாத்தறையில் ஏறுகின்றது.

இவ்வமைப்பிலிருந்து ஓருண்மை புலப்படும். இழையை இடுவதற்கான பெருஞ்செலவு முதலிலேயே முடிந்துவிடுகின்றது. இட்டபின் அதனை நடத்தும் செலவு ஒப்பளவிற் சிறிது. ஆகையால் நிறுவனம் கடனில் மூழ்கினாலும், வீடுகளுக்குச் சென்ற இழை பெறுமதியுள்ள சொத்தாகவே நிற்கும். கடன் கொடுத்தோரும் அதனை அணைத்துப்போட விரும்பார். சந்தா தரும் வீடுகளோடு சேர்த்து மற்றொருவருக்கு விற்கவே விரும்புவர். எனவே நிறுவனத்தின் ஆயுள் வேறு, இழையின் ஆயுள் வேறு. வீட்டுக்காரர் மதிப்பிட வேண்டியது பின்னதையே.

அமெரிக்க நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டு இதனை விளக்கும். புரொன்டியர் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 1,750 கோடி டொலர் கடனுடன் 2020 ஏப்ரலில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஆயினும் சேவை நிற்கவில்லை. கடனில் 1,000 கோடி டொலருக்கு மேல் குறைக்கப்பட்டு, 2021 ஏப்ரல் இறுதியில் அது மீண்டெழுந்து, புதிய ஒளியிழைகளையும் இட்டது. 2024 செப்டெம்பரில் வெரிசன் நிறுவனம் அதனை 2,000 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. இதற்கு மாறாக, செல்வத்திற் குறைவறியாத கூகுள், லூயிவில் என்னும் நகரில் 2017இல் தொடங்கிய இழைச் சேவையை 2019 ஏப்ரல் 15ஆம் திகதி அறவே நிறுத்தியது. வீதியிலே இரண்டு அங்குல ஆழத்திற்குள் இழையைப் பதித்த புது முறை தோல்வியுற்று, இழைகள் வெளியே கிளம்பின. திரும்ப இடுவது இலாபந்தராது எனக் கண்டு அந்நிறுவனம் நகரை விட்டகன்றது. வங்குரோத்தான நிறுவனத்தின் இழை ஒளிர்ந்தது. செல்வந்த நிறுவனத்தின் இழை அணைந்தது. நன்கு பதிக்கப்பட்ட இழையை எவரேனும் ஏற்பர். பழுதான இழையை இட்டவரே கைவிடுவர்.

அமெரிக்கச் சட்டம் கடனாளிக்கு அவகாசம் தந்தது எனச் சிலர் கூறலாம். தமிழ்நாட்டு அனுபவம் அவர்களுக்கு எச்சரிக்கையாகும். 1999இல் அங்கே தொடங்கிப் பெருகிய ஏர்செல் கைத்தொலைபேசி நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை மலேசியாவின் மக்சிஸ் 2006இல் வாங்கியது. 2018 பெப்ரவரியில் கோபுரங்களை வாடகைக்கு விட்டிருந்த தரப்போடு பணப்பிணக்கு முற்றி, மாநிலத்தின் பல பகுதிகளில் சேவை அறுந்தது. நிறுவனம் அம்மாத இறுதியிலே கடன் தீர்க்க இயலாமையை அறிவித்தது. மக்கள் தம் இலக்கத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கு அலைமோதினர். மக்சிஸின் பின்னின்றவர் ஈழத்தமிழ் வழிவந்த மலேசியச் செல்வந்தர் ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பரில் காலமானவர். ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 44.98 சதவீதப் பங்கும் அவருடைய குழுமத்தின் வழியே வைத்திருக்கப்பட்டதாகும். உடைமையாளர் செல்வந்தர் என்பது மட்டும் சேவைக்குக் காப்பாகாது. வாடகைக் கோபுரங்களை நம்பிய ஏர்செல் வாடகை நின்றவுடன் விழுந்தது. இழையும் நிலையமும் தன்னுடையவாயின் நிறுவனம் நெடுநாள் தாங்கும். பிறருடையவாயின் ஒரு மாதப் பாக்கியே போதும்.

இலங்கையிலும் தளர்ந்த அல்லது சிறிய நிறுவனங்களைப் பெரியவை ஏற்றதுண்டு. 1996இல் கம்பியில்லா இணைப்புடன் தொடங்கிய சன்டெல், 2012இல் டயலொக்குடன் சேர்ந்தது. நான்கு என்னும் எண்ணிற் தொடங்கும் கொழும்புத் தொலைபேசி இலக்கங்கள் தொடர்ந்து ஒலித்தன. நெடுங்காலம் நட்டத்திலியங்கிய எயார்டெல் லங்காவை 2024 ஜூனில் டயலொக் தன்னுடன் இணைத்தது. சந்தாதாரர் கைவிடப்படவில்லை. ஆயின் போட்டியாளர் குறைந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஏற்கும் நிறுவனம் விலையையும் தானே வகுக்கும்.

இவற்றிலிருந்து ஒரு குடும்பம் கடைப்பிடிக்கக்கூடிய சோதனைகள் நான்கு பெறப்படும்.

முதலாவது, நட்டம் எங்கே பிறந்தது என்பது. ஸ்ரீலங்கா ரெலிகொம்மும் டயலொக்கும் கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவு பெற்றவை. அவற்றின் காலாண்டு அறிக்கைகளை எவரும் படிக்கலாம். இலாப நட்டக் கணக்கின் இறுதி வரியை மட்டும் பார்த்தல் போதாது. வட்டி, பெறுமானத் தேய்வு, நாணய மாற்று நட்டம் ஆகியவற்றைக் கழிக்குமுன் தொழில் பணம் ஈட்டுகின்றதா என்று காணவேண்டும். ஈட்டுமாயின், கடன் கொடுத்தோர் அதனை வாழவிடுவர். அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாதாயின், நோய் உள்ளுறுப்பில் உள்ளது எனலாம். நிறுவனம் தொடர்ந்து இயங்குமோ என்பதில் கணக்காய்வாளர் ஐயம் எழுப்பியிருப்பின், அதனை மிகக் கவனமாகக் கொள்ளவேண்டும். கணக்கையே வெளியிடாத சிறு நிறுவனமாயின், அம்மறைவையும் ஓர் அறிகுறியாகக் கருதுதல் தகும்.

இரண்டாவது, இழை யாருடையது என்பது. தொடர்மாடியொன்றில் சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்தின் இணைப்பை வாங்கிப் பகிர்ந்து விற்குமாயின், அதன் நிலை ஏர்செல்லின் நிலையை ஒக்கும்.

மூன்றாவது, வீட்டிலேயே காணக்கூடிய அறிகுறிகள். நீர்க்குழாய்க்குத் தோண்டிய குழியில் இழை அறுந்து இரு நாள் சேவை நின்றால், அது நட்டத்தின் அடையாளமன்று. முன்பு ஒரு நாளில் வந்த பழுதுபார்ப்போர் இப்போது பத்து நாளாகியும் வாராமை, மாலையானதும் வெளிநாட்டு அழைப்புகள் மட்டும் மாதக்கணக்கில் தடுமாறுதல், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிச் செலுத்தினாற் பெருங்கழிவு என்னும் அழைப்பு ஆகியவை வேறு வகையின. முதலது ஊழியருக்கோ ஒப்பந்தகாரருக்கோ பணம் போகாததைக் காட்டலாம். இரண்டாவது, வெளிநாட்டு இணைப்பின் கொள்ளளவை வாங்குவதிற் சிக்கனம் பிடிப்பதைக் காட்டலாம். மூன்றாவது, நாளைய பணம் இன்றைக்கே வேண்டியிருக்கின்றது என்பதைக் காட்டலாம். ஒன்று தனித்து நின்றாற் பெரிதன்று. மூன்றும் சேர்ந்தால் விழிப்புக் கொள்ளவேண்டும்.

நான்காவது, குடும்பம் தன் பங்கிற் பணயம் வைத்திருப்பது எவ்வளவு என்பது. நான்கனுள் முற்றிலும் வீட்டுக்காரர் கையிலே உள்ளது இது ஒன்றே. மாதந்தோறும் பணஞ் செலுத்துவோர் இழக்கக்கூடியது ஒரு மாதச் சந்தாவே. ஆண்டுக்குச் செலுத்தியவரோ, வைப்புப் பணத்தோடு நிறுவனத்தின் கடன்கொடுத்தோர் வரிசையிற் கடைசியில் நிற்க நேரலாம். நிறுவனத்தின் பெயரோடு கூடிய மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கும் பாடசாலைக்கும் கொடுத்திருந்தால், இணைப்போடு அம்முகவரியும் போகலாம். எந்த இணைய நிறுவனத்தையும் சாராத முகவரியே தக்கது. மாற்று ஏற்பாடாக வைத்திருக்கும் கைத்தொலைபேசி இணைப்பு வேறொரு நிறுவனத்தினதாய் இருத்தல் வேண்டும். வீட்டு இழையும் கைத்தொலைபேசியும் ஒரே நிறுவனத்தினவாயின், இரண்டும் ஒருங்கே நின்றுபோகலாம். முறைப்பாடு செய்யுந்தோறும் திகதியையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துவைத்தல் நன்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியமைந்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, நுகர்வோர் முறைப்பாடுகளை ஆராயும் பொறுப்புடையது. குறிப்புடன் செல்வோரின் வழக்கு அங்கே வலிமை பெறும்.

இச்சோதனைகளை 2023ஆம் ஆண்டின் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின்மேல் வைத்துப் பார்ப்பின், விடை தெளிவாகும். இழையும் நிலையங்களும் அதனுடையவே. நட்டம் பிறந்த காலமோ நாடு முழுதையும் வாட்டிய வட்டியும் விலையேற்றமும் மிகுந்த காலம். விலைக்குக் கேட்டோர் இருந்தமையே சொத்தின் பெறுமதிக்குச் சான்று. பின்னர் 2024இல் ஆட்சி மாறியதும் அரசாங்கம் விற்பனையைக் கைவிட்டது. 2025ஆம் ஆண்டின் காலாண்டுக் கணக்குகளில் குழுமம் மீண்டும் இலாபங் காட்டியது. நட்டச் செய்தியைக் கேட்டு அஞ்சி இணைப்பைத் துண்டித்தவர் எவரேனும் இருப்பின், அவர் புதிய இணைப்புக் கட்டணத்தையே வீணிற் செலுத்தியவராவார். அதே நட்டச் செய்தி, பிறர் இழையை வாடகைக்கு எடுத்துக் கணக்கை மறைத்து நடக்கும் நிறுவனத்தைப் பற்றியதாயின், முடிவும் மாறியிருக்கும்.

நட்டம் என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஓடுதலும், பெரிய பெயர் என்று நம்பி ஆண்டுப் பணத்தை முன்னே கொடுத்தலும் ஒரே வகைத் தவறுகள். இரண்டிலும் குடும்பம் கணக்கைப் பாராது முடிவெடுக்கின்றது. இழையின் உடைமையையும், தொழிலின் அன்றாட வருவாயையும், வீட்டுக்கு வரும் சேவையையும் பார்த்து, மாதச் சந்தாவுக்கு மேலாக எதனையும் பணயம் வைக்காதிருக்கும் குடும்பத்துக்கு, நிறுவனத்தின் கடன் ஒரு நாள் இடையூறாகலாம், பேரிழப்பாகாது.