சிக்கு விழாமல் நூல் சுற்ற

கடையிலிருந்து வந்த நூல்கழியின் கட்டை அவிழ்த்து மடியில் போட்டு, நுனியைத் தேடி இழுக்கிறோம். பத்துச் சுற்று ஒழுங்காக வரும். அப்புறம் எங்கோ பிடிக்கும். இன்னும் கொஞ்சம் இழுப்போம். அந்த மாலைப் பொழுது அதோடு போயிற்று. முதன்முதலில் வாங்கிய கம்பளிக் கழியைக் கடைசியில் கத்திரியால் வெட்டித்தான் பிரித்தேன். அந்த நீல நூலை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

கழி என்பது ஒரு பெரிய வளையம், அவ்வளவே. வளையமாக இருக்கும்வரை அதில் சிக்கு விழாது. பருத்தி நூலுக்கு இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 54 அங்குலச் சுற்றளவுள்ள சட்டத்தில் 560 சுற்று சுற்றினால் ஒரு கழி. நீளம் 840 கெஜம், ஏறக்குறைய 768 மீட்டர். ஒரு பவுண்டு எடைக்கு இப்படி எத்தனை கழி நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூலில் ஒரு கழி சுமார் 11 கிராம்தான் இருக்கும். முக்கால் கிலோமீட்டர் நூல் அந்த 11 கிராமுக்குள் அடங்கியிருக்கிறது. அதை மடியில் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை தரும் வடிவத்தில் ஏன் விற்க வேண்டும்? சாயத்துக்காகத்தான். இறுகச் சுற்றிய உருண்டையைத் தொட்டியில் முக்கினால் மேல்நூல் நிறம் பிடிக்கும், உள்நூல் வெளிறிக் கிடக்கும். கழியைக் கோலில் தொங்கவிட்டு முக்கித் திருப்பித் திருப்பி எடுத்தால் எல்லா இழையிலும் சாயம் ஒன்றுபோல ஏறும். கைத்தறிக்கு நூல் இன்றும் கழியாகப் போவதற்கு இது ஒரு காரணம். நெசவாளர் வீட்டில் அதைப் பரிவட்டத்தில் மாட்டுவார்கள். கூண்டு போன்ற இலேசான உருளை அது. ராட்டையைச் சுற்றச் சுற்ற, போகும் நூலே பரிவட்டத்தையும் சுழற்றும். கழி கடைசிச் சுற்றுவரை விரிந்த வளையமாகவே இருக்கும். அதனால்தான் அங்கே சிக்கு அபூர்வம்.

வீட்டில் பரிவட்டத்துக்குப் பதில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டுக்கொள்ளலாம். எதிரே ஒருவர் உட்கார்ந்து இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. நூல் போகும் பக்கம் கையைச் சற்றுச் சாய்த்துக் கொடுப்பார், நாற்காலிக்கு அது தெரியாது.

மாட்டுவதற்கு முன், முறுக்கை அவிழ்த்து, இரண்டு கைகளையும் வளையத்துக்குள் விட்டு, வெளிப்பக்கமாக நாலைந்து முறை வெட்டி உதறுங்கள். சாயத்தில் ஒட்டிக்கிடந்த இழைகள் பிரிந்து வரிசைக்கு வரும். கழியை இரண்டு மூன்று இடங்களில் சிறு நூலால் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுகளைக் கழியை மாட்டி, இழைகள் புரளாமல் கிடக்கின்றன என்று பார்த்த பிறகுதான் நறுக்க வேண்டும். என்னைக் கேட்டால் சிக்குகளில் பாதி, கட்டை முன்னாலேயே அவிழ்ப்பதால் வருபவை.

பெரும்பாலும் ஒரு கட்டில் இரண்டு நுனிகளும் சேர்ந்திருக்கும். மற்ற இழைகளுக்கு மேலாகத் தடையில்லாமல் வரும் நுனியை எடுங்கள். அது அடியில் புகுந்து புகுந்து வந்தால், விட்டுவிட்டு மற்ற நுனியைப் பிடியுங்கள்.

கண்டாகச் சுற்றும்போது மூன்று விரல்களைச் சேர்த்து அவற்றின் மேல் சுற்றுங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை விரலை உருவி, கண்டைத் திருப்பி, மறுபடி விரல் மேலேயே தொடருங்கள். விரல் இருந்த இடைவெளியால் கண்டு தளர்வாக இருக்கும். கம்பளிக்கு இது மிகவும் முக்கியம். இழுத்துச் சுற்றினால் அதன் நெகிழ்வெல்லாம் நீண்டு நின்றுவிடும். அப்படியே பின்னிய ஸ்வெட்டர், முதல் முறை நனைந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கி அளவு குறைந்துபோகும்.

இதையும் மீறிச் சிக்கிவிட்டால்? இழுக்காதீர்கள். நுனி உள்ளே நுழைந்து வெளியே வராதவரை உண்மையான முடிச்சு விழ வழியே இல்லை. வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன, அவ்வளவுதான். கண்டை அந்தச் சந்துக்குள் நுழைத்து எடுக்கப் பார்த்தால், இல்லாத முடிச்சை நாமே போட்டுவிடுவோம். கண்டை ஓரமாக வைத்துவிட்டு, சிக்கைச் சமதரையில் பரப்பி, நாலாபக்கமும் வெளிப்புறமாக மெல்லக் கோதித் தளர்த்துங்கள். பெரிதாகிக்கொண்டே போவதுபோல் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். நடுவில் இடம் விழுந்ததும், எந்த வளையம் எதன் மேல் ஏறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதை எடுத்து அதன் பக்கத்துக்கு அனுப்பினால், அதை ஒட்டி நின்ற மூன்று நாலு இழைகளும் கூடவே இளகும்.