மடிக்கணினியின் வெப்பக் கணக்கு

சென்ற கோடையில் நாங்கள் நாக்பூரில் இருந்தோம். கட்டடக்கலை பயிலும் என் மகள் தன் இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்கப் பத்து நாள்களே எஞ்சியிருந்தன. அவள் வடிவமைத்த கட்டடத்தின் முப்பரிமாணப் படம் ஒன்றை உருவாக்கி முடிக்க, பிப்ரவரி மாதத்தில் அவளுடைய மடிக்கணினி 20 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் அதே அளவுள்ள படத்திற்கு 50 நிமிடங்கள் ஆயின. கணினி வாங்கி இரண்டாண்டுகள்கூட நிறைவடையவில்லை. அதற்காகப் பெற்ற கடனில் 14 தவணைகள் பாக்கி இருந்தன. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, “மதர்போர்டு போய்விட்டது, அதை மாற்றும் செலவுடன் இன்னும் சிறிது சேர்த்தால் புதிதே வாங்கிவிடலாம்” என்றனர்.

மதர்போர்டுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. விலையுயர்ந்த, மெல்லிய மடிக்கணினியை வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் நேரக்கூடும் என்பதால், அதன் காரணத்தையும் தீர்வையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

வேகம் ஏன் குறைகிறது?

கணினியின் மூளையாகிய நுண்செயலி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. இன்டெல் நிறுவனத்தின் ஐ7-13700எச் என்னும் நுண்செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் அடிப்படை மின்தேவை 45 வாட். குறுகிய நேரத்திற்கு அது 115 வாட் வரை செல்லலாம். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் ஈயப்பற்று வைக்கப் பயன்படுத்தும் சிறிய சால்டரிங் கோலின் அளவு பொதுவாக 25 வாட். அத்தகைய கோல்கள் இரண்டை இரண்டு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு பெட்டிக்குள் அடைத்து வைப்பதாக எண்ணிப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் சில்லும் உள்ள கணினியாயின் வெப்பம் மேலும் கூடும்.

இந்த வெப்பம் வெளியேறுவதற்கு ஒரு பாதை உண்டு. சில்லின்மேல் பூசப்பட்டுள்ள தெர்மல் பேஸ்ட் என்னும் களிம்பு வழியாக அது ஒரு செப்புக்குழாயை அடைகிறது. மூடப்பட்ட அக்குழாய்க்குள் சிறிதளவு நீர் உள்ளது. சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, குழாயின் உட்புறத்திலுள்ள நுண்துளைகள் வழியே திரும்புகிறது. குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. கணினி மெலியும்போது குழாய் தட்டையாகிறது; தகடுகளின் உயரமும் விசிறி இதழ்களின் அகலமும் குறைகின்றன. வெப்பத்தின் வரவு குறையாமல், செலவாகும் வழி மட்டும் குறுகிவிடுகிறது.

வரவு செலவை விஞ்சினால் இருப்பு ஏறுவது வங்கிக் கணக்கில் மகிழ்ச்சி தரும்; இங்கே அது துன்பம். வெப்பநிலை உயர்ந்து 100 செல்சியஸ் பாகையை நெருங்கும்போது நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதனைத் துறையினர் ‘த்ராட்லிங்’ என்பர். ஆகவே, வேகக்குறைவு என்பது பெரும்பாலும் பழுது அன்று. பழுது நேராமல் தடுக்கும் ஏற்பாடு. முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் மிக விரைவாக இயங்கிவிட்டுப் பின்னர்த் தளர்வது இதன் தெளிவான அடையாளம்.

கோடையின் பங்கு

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நுண்செயலியின் உச்ச வரம்பு 100 பாகை எனக் கொள்வோம். அறையின் வெப்பநிலை 25 பாகையாக இருந்தால், இடைவெளி 75 பாகை. அறை 40 பாகையாக இருந்தால் இடைவெளி 60 பாகைதான். வெளியேறும் வெப்பத்தின் அளவு ஏறத்தாழ இந்த இடைவெளியைப் பொறுத்தே அமைகிறது. எனவே, 25 பாகை அறையில் 45 வாட் வெப்பத்தை இடைவிடாது வெளியேற்றக்கூடிய கணினி, 40 பாகை அறையில் 36 வாட் மட்டுமே வெளியேற்ற இயலும். கணினியில் எக்குறையும் இல்லாமலேயே ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் கோடையில் கரைந்துவிடுகிறது. பல நிறுவனங்கள் தம் மடிக்கணினிகளை 35 பாகைக்கு உட்பட்ட இடத்தில் பயன்படுத்துமாறு குறிப்பிடுகின்றன. நம் நாட்டின் பெரும்பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வீட்டுக்குள்ளேயே அந்த அளவு மீறப்படுகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

செலவு செய்யுமுன் நோயை அறிதல் நலம். விண்டோஸ் கணினியில் ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் நுண்செயலியின் தற்போதைய வேகத்தையும் அடிப்படை வேகத்தையும் காணலாம். வெப்பநிலையைக் காட்ட ‘எச்.டபிள்யூ.இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றை உரியவர்களின் இணையதளத்திலிருந்து மட்டுமே பெறவேண்டும். கடினமான பணி ஒன்றைப் பத்து நிமிடங்கள் தொடர்ந்து ஓடவிட்டுக் கவனியுங்கள்.

வெப்பநிலை 90 பாகையைக் கடந்தாலும் வேகம் அடிப்படை அளவுக்கு மேல் நின்றால் அச்சப்பட வேண்டியதில்லை. தயாரிப்பாளர் நெடுநேரப் பணிக்கு அறிவித்தது அந்த அடிப்படை வேகத்தையே. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் உச்ச வேகம் சிறிது நேரத்திற்கானது. வெப்பம் உச்ச வரம்பைத் தொட்டு, வேகமும் அடிப்படை அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே வெப்பம் வெளியேறுவதில் தடை உள்ளது எனக் கொள்ளலாம்.

வெப்பம் குறைவாக இருந்தும் வேகம் இறங்கினால் காரணம் வேறு. கணினியுடன் வந்த சார்ஜருக்குப் பதிலாகக் குறைந்த வாட் உடைய சார்ஜரைப் பொருத்தியிருந்தால், போதிய மின்சாரம் கிடைக்காமல் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணி ஏதுமின்றி இருக்கும்போதே விசிறி இரைந்தால், பின்னணியில் ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பொருள். டாஸ்க் மேனேஜர் அதன் பெயரைக் காட்டிவிடும்.

செலவில்லாத வழிகள்

மெல்லிய மடிக்கணினிகள் பெரும்பாலும் அடிப்பகுதி வழியாகவே காற்றை உள்ளிழுக்கின்றன. மெத்தை, தலையணை, மடி ஆகியவை அந்த வழியை அடைத்துவிடுகின்றன. கெட்டியான மேசையின்மீது வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலே வெப்பம் சில பாகை குறையும். அதற்கு இரண்டு மரத்துண்டுகளோ எளிய ஸ்டாண்டோ போதும். கணினி வெளியேற்றும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பாதபடி சற்று இடைவெளி விடுங்கள். நேர்வெயில் படும் சன்னலோரத்தைத் தவிருங்கள்.

அடுத்தது மின்பயன்பாட்டுத் தெரிவு. நுண்செயலியின் மின்செலவு, அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. வேகத்தையும் அதனுடன் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், மின்செலவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. கடைசிச் சிறு வேகத்திற்காகவே நாம் பெரும் வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்பது இதிலிருந்து விளங்கும். எனவே, விண்டோஸின் ‘பவர் மோடு’ பகுதியில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘பேலன்ஸ்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில கணினிகளில் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்னும் அளவை 100இலிருந்து 99ஆக மாற்றினால் உச்ச வேகம் முற்றிலும் நிறுத்தப்படும். கடிதம் எழுதுதல், இணையம் பார்த்தல் போன்றவற்றிற்கு அது போதும். கணினி குளிர்ந்தும் ஓசையின்றியும் இயங்கும். படத்தொகுப்பு போன்ற கடும்பணிகளுக்கு அது ஏற்றதன்று.

தயாரிப்பாளர் வெளியிடும் புதுப்பிப்புகளையும் புறக்கணிக்காதீர்கள். 2018 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்புக் புரோ கணினிகள் கடும்பணியின்போது வேகம் குன்றுவதாகப் பயனர்கள் முறையிட்டனர். வெப்பத்தை நிர்வகிக்கும் உள்மென்பொருளில் குறை இருந்ததாக நிறுவனமே தெரிவித்து, அதே மாதம் 24ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது.

தூசியும் களிம்பும்

என் மகளின் கணினியில் நாங்கள் கண்டது தூசிதான். அலுவலக நண்பர் ஒருவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டியபோது, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துணிபோலத் தூசி படிந்திருந்தது. விசிறி முழு வேகத்தில் சுழன்றும் காற்று வெளியேற வழியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை, புழுதி மிகுந்த ஊர்களில் இருமுறை, இதனைத் தூய்மை செய்தல் நன்று. கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். காற்றை ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு மெல்லிய குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுமீறிச் சுழன்றால் அது கெட்டுவிடும். தொடர்ந்து ஊதாமல் விட்டுவிட்டு ஊதவேண்டும். வாரண்டி காலம் முடியாத கணினியை நீங்களே திறவாமல் தயாரிப்பாளரின் மையத்திடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

தூய்மை செய்த பின்னும் வெப்பம் இறங்காவிட்டால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம். அது நாளடைவில் உலர்ந்தோ ஒதுங்கியோ போவதுண்டு. இது அனுபவமுள்ளவர் செய்யவேண்டிய வேலை. மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் ‘அண்டர்வோல்ட்டிங்’ என்னும் முறையும் உண்டு. 2019 டிசம்பரில் அதன்வழி ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளிப்பட்டதைத் தொடர்ந்து பல கணினிகளில் அவ்வசதி பூட்டப்பட்டுள்ளது. வங்கிப் பணிகளுக்கும் பயன்படும் கணினியில் அந்தப் பூட்டைத் திறக்க முயலாதிருப்பதே அறிவுடைமை.

செய்யக்கூடாதவை

சூடான கணினியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதோ, ஈரத்துணியின்மீது வைப்பதோ கூடாது. குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிந்து மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

வெப்பத்தால் முதலில் மூப்படைவது பேட்டரி. எப்போதும் சார்ஜரில் இணைத்தே வேலை செய்வோர், 80 விழுக்காட்டுடன் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி தம் கணினியில் இருந்தால் அதனைப் பயன்படுத்தலாம். அடிப்பகுதி புடைத்திருந்தாலோ, தொடுதளம் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே கணினியை அணைத்து, மின்னேற்றம் செய்வதை நிறுத்தி, சேவை மையத்தை நாடுங்கள். வீங்கிய பேட்டரியை அழுத்துவதோ துளையிடுவதோ தீ விபத்தில் முடியும்.

கணினியை ஒப்படைக்கும் முன்

வேகம் குறைந்த கணினி, மோசடிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு. இணையத்தில் உதவி எண் தேடுவோரிடம் போலி எண்கள் சிக்கவைக்கப்படுகின்றன. மறுமுனையில் பேசுபவர், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாக அச்சுறுத்தி, திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார். அதனை நிறுவிய நொடியிலிருந்து உங்கள் வங்கிக் கணக்கும் அவர் கண்முன் இருக்கும். உதவி எண்ணைக் கணினியுடன் வந்த கையேட்டிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ மட்டுமே பாருங்கள். கடவுச்சொல், பின் எண், ஓ.டி.பி. ஆகியவற்றை எவரிடமும் கூறாதீர்கள். பணம் பறிபோனால் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. கோப்புகளுக்கு நகல் எடுத்து வையுங்கள். உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை நீக்குங்கள். மின்னஞ்சல், இணைய வங்கி ஆகியவற்றிலிருந்து வெளியேறுங்கள். பெரிய செலவு கூறப்பட்டால் எழுத்து வடிவில் மதிப்பீடு பெற்று, இன்னோர் இடத்திலும் கேட்டறியுங்கள்.

தூசி அகற்றி, களிம்பு மாற்றி, பின்பக்கத்தை உயர்த்தி வைத்தபின் என் மகளின் கணினி ஒரு படத்தை 24 நிமிடங்களில் முடித்தது. செலவு சில நூறு ரூபாய். பழைய 20 நிமிடங்கள் ஏன் திரும்பவில்லை என்று அவள் கேட்டாள். சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டினேன். அறை 38 பாகையில் இருந்தது. மறுநாள் முதல் அவள் படங்களை விடியற்காலையில் ஓடவிடத் தொடங்கினாள். திட்டப்பணி உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய 14 தவணைகளையும் அதே கணினிக்கே செலுத்தி முடித்தோம். புதிய கடன் ஏதும் தேவைப்படவில்லை.