ஓட்டுச்சீட்டில் பேர் ஏறுவது எப்படி?

கல்யாணப் பந்தியில் உட்காருகிறோம். இலையில் விழுவதைத்தான் சாப்பிட முடியும். ஒப்புட்டு இன்னொன்று கேட்கலாம். ரசம் வேண்டாம் என்று கையை மறிக்கலாம். ஆனால், இன்றைக்கு என்னென்ன சமைப்பது என்பது நேற்று ராத்திரியே சமையல்கட்டில் முடிவாகிவிட்டது. அந்தப் பேச்சில் பந்திக்கு வந்தவர் யாரும் இல்லை.

தேர்தலும் இப்படித்தான். நாம் சாவடிக்குப் போகிறோம். நாலு பேர் பெயர் இருக்கிறது. ஒருவருக்கு ஓட்டுப் போடுகிறோம். அந்த நாலு பேர் யார் என்று முடிவு செய்தது யார்? எந்த விதிப்படி?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் 'பிரைமரி', 'டெலிகேட்' என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை சுற்றுகிறது. சுற்ற வேண்டியதில்லை. அதே விவகாரம் நம் கோயமுத்தூர்ச் சீமையிலும் நடந்திருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

பொள்ளாச்சி வக்கீல்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம் என்று ஒரு கிராமம். அங்கே 1910-ம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். படித்து வக்கீலானார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியானபோது, அவருடைய மந்திரிசபையில் நிதி மந்திரியானார்.

அந்த ராஜாஜி மந்திரிசபை வந்த விதமே ஒரு கதை. 1952 தேர்தலில் சென்னை சட்டசபையில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டி இல்லை. ராஜாஜி தேர்தலில் நிற்கவும் இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். ஓட்டுக் கேட்காமலே ஒருவர் முதல்-மந்திரியாகிவிட்டார். விதி இடம் கொடுத்தது!

1953-ல் ராஜாஜி புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தார. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களும் கட்டடங்களும் போதாத நிலையில், இருப்பதைக் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது சர்க்கார் சொன்ன காரணம். "தறிக்காரர் பிள்ளை தறியிலேயே கிடக்க வேண்டுமா? சக்கிலியர் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டுமா?" என்று எதிர்ப்பு கிளம்பியது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியார் முழங்கினார். தி.மு.கழகம் மறியல் செய்தது. காங்கிரசுக்கு உள்ளேயே முணுமுணுப்பு வளர்ந்தது. 1954 மார்ச்சில் ராஜாஜி பதவி விலக முன்வந்தார்.

அடுத்தவர் யார்?

ராஜாஜியின் ஆதரவாளர்கள் சி.சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள். அவர் பெயரைப் பிரேரேபித்தவர் பக்தவத்சலம். எதிரே நின்றவர் காமராஜர்.

காமராஜர் அப்போது சட்டசபை உறுப்பினரே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டெல்லி லோக்சபைக்குப் போனவர். "சட்டசபையில் இல்லாதவர் எப்படிங்க முதல்-மந்திரி ஆக முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகலாம். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபையில் உறுப்பினராகிவிட வேண்டும், அவ்வளவுதான். இது அரசியல் சட்டம்.

1954 மார்ச் கடைசியில் சட்டசபைக் காங்கிரஸ் கட்சி கூடியது. ஓட்டெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93. சுப்பிரமணியத்துக்கு 41.

கவனியுங்கள். மொத்தம் 134 ஓட்டு! தமிழ்நாட்டை ஆளப்போவது யார் என்பதை அந்த அறையில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய் விற்றவருக்கும் கோவை மில்லில் நூல் சுற்றிய பெண்ணுக்கும் அதில் ஓட்டு இல்லை. அவர்கள் 1952-ல் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்களுக்குத்தான் ஓட்டு. அமெரிக்காக்காரர் 'டெலிகேட்' என்று சொல்வதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஆளைத்தான்: நமக்காகப் போய், நமக்குப் பதிலாக ஓட்டுப் போடுகிறவர்.

காமராஜருக்கு எப்படி 93 சேர்ந்தது? கல்வித் திட்டத்தின் மேல் இருந்த கோபம் ஒரு காரணம். இன்னொன்று, 1940 முதல் பல வருஷம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தவர் அவர். ஊர் ஊராக ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். சுப்பிரமணியத்துக்குப் படிப்பு இருந்தது, நிர்வாகத் திறமை இருந்தது. அறைக்குள்ளே எண்ணப்படுவது அதுவல்ல, தலைகள்.

1940-ல் காமராஜர் அந்தத் தலைவர் பதவிக்கு வந்ததும் இப்படி ஓர் ஓட்டெடுப்பில்தான். அவரை ஆதரித்தவர் சத்தியமூர்த்தி. ராஜாஜி பக்கத்து அபேட்சகர் நம் கோவை சி.பி.சுப்பையா. வித்தியாசம் மூன்றே ஓட்டு! இரண்டு பேர் மாற்றிப் போட்டிருந்தால் சரித்திரம் வேறாகியிருக்கும். பதினான்கு வருஷத்தில் இரண்டு முறை கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் காமராஜரோடு மோதினார். இரண்டு முறையும் கொங்கு தோற்றது.

பிறகு நடந்ததுதான் அழகு. 1954 ஏப்ரல் 13-ந் தேதி முதல்-மந்திரியான காமராஜர், தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரைப் பிரேரேபித்த பக்தவத்சலத்தையும் மந்திரிகளாக்கினார். கல்வி இலாகாவைச் சுப்பிரமணியத்திடமே கொடுத்தார். அடுத்த மாதம், மே 18-ந் தேதி, அரைநாள் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. திட்டத்தை மூட்டை கட்டிய இலாகாவின் மந்திரி, ராஜாஜியின் ஆளாக நின்று தோற்றவர்! காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்து சட்டசபைக்குள் வந்தார்.

93-க்கும் 41-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கணக்கல்ல. எத்தனையோ பிள்ளைகள் பிற்பகலும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

(சுப்பிரமணியம் பின்னால் டெல்லிக்குப் போய் உணவு மந்திரியானார். புதிய ரகக் கோதுமை விதையைக் கொண்டு வந்து பசுமைப் புரட்சிக்கு வழி செய்தார். 1998-ல் பாரத ரத்னா பெற்றார். தோற்றவர் தோற்றே போய்விடவில்லை.)

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே ஜனாதிபதி அபேட்சகரைக் கட்சியின் மகாநாடு தேர்ந்தெடுக்கிறது. மகாநாட்டில் ஓட்டுப் போடுகிறவர்கள்தான் டெலிகேட்டுகள். முன்காலத்தில் இவர்களைக் கட்சிப் பெரியவர்கள் பொறுக்கி அனுப்பினார்கள். ஹோட்டல் அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே பேரம் நடக்கும்.

இது பிடிக்காத சில ராஜ்யங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. 'கட்சிக்காரர்களாகிய சாதாரண ஜனங்களே முதலில் ஓட்டுப் போடட்டும். அதன்படி டெலிகேட்டுகள் போகட்டும்' என்றன. இந்த முதல் ஓட்டுத்தான் பிரைமரி.

1912-ல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், பதவியில் இருந்த டாப்டை எதிர்த்துக் குடியரசுக் கட்சிக்குள் மோதினார். பிரைமரி நடந்த ராஜ்யங்களில் பெரும்பாலானவை ரூஸ்வெல்ட் பக்கம். ஆனால் பிரைமரி நடந்த ராஜ்யங்களே கொஞ்சம். 254 டெலிகேட் இடங்களுக்குத் தகராறு வந்தது. கட்சிக் கமிட்டி பஞ்சாயத்துச் செய்தது. 235 இடம் டாப்டுக்கு! 19 இடம் ரூஸ்வெல்டுக்கு! கமிட்டி யார் கையில் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக்கட்சி கண்டார். ஓட்டு இரண்டாய் உடைந்தது. மூன்றாமவரான வில்சன் ஜனாதிபதியானார்.

இன்னொரு வேடிக்கை 1924-ல். ஜனநாயகக் கட்சியில் அப்போது ஒரு விதி: மூன்றில் இரண்டு பங்கு டெலிகேட்டுகள் ஆதரித்தால்தான் அபேட்சகர். நியூயார்க்கில் மகாநாடு கூடியது. மக்காடூ ஒரு பக்கம், ஸ்மித் ஒரு பக்கம். யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. பத்து ஓட்டெடுப்பு, ஐம்பது ஓட்டெடுப்பு, நூறு ஓட்டெடுப்பு! இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் 103-வது ஓட்டெடுப்பில், இரண்டு பேரும் இல்லாமல் டேவிஸ் என்ற மூன்றாமவர் ஜெயித்தார். நவம்பர் தேர்தலில் அவர் தோற்றது வேறு கதை. பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று 1936-ல் அந்த விதியை மாற்றினார்கள்.

1968-ல் ஹம்ப்ரி என்பவர் ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி அபேட்சகரானார். வெளியே சிகாகோ வீதிகளில் போலீஸ் தடியடி, உள்ளே மகாநாடு. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அதன் பிறகுதான் பிரைமரிகள் பெருகின. விதிகளைத் திருத்த அமைத்த கமிட்டிக்கு முதல் தலைவர் மெக்கவர்ன். 1972-ல் புதிய விதிப்படி அபேட்சகரானவர் யார் தெரியுமா? அதே மெக்கவர்ன்!

கணக்கில் இருக்கிறது சூட்சுமம்

ஒரு ராஜ்யத்துக்குப் பத்து டெலிகேட் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் போட்டி. நூறு ஓட்டில் முதலாமவருக்கு 40, அடுத்தவர்களுக்கு 30, 20, 10.

'ஜெயித்தவருக்கே எல்லாம்' என்று விதி இருந்தால், 40 வாங்கியவருக்குப் பத்து டெலிகேட்டும் போய்விடும். மற்ற 60 ஓட்டுக்கும் பூஜ்யம். 'பங்கு பிரித்துக் கொடு' என்று விதி இருந்தால், மற்றவர்களுக்கும் கிடைக்கும். ஜனநாயகக் கட்சியில் பங்கு முறைதான். ஆனால் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே வாங்கினால் ஒன்றும் கிடையாது. ஆகவே 10 வாங்கியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

அதே ஜனங்கள். அதே ஓட்டு. விதி மாறினால் ஜெயிப்பவர் மாறுவார்.

2016-ல் புளோரிடா ராஜ்யத்தில் குடியரசுக் கட்சி பிரைமரி. டிரம்புக்கு நூற்றுக்குச் சுமார் 46 ஓட்டு. டெலிகேட்டோ 99-ம் அவருக்கே! அந்த ஊர்க்காரரான ரூபியோவுக்கு 27. அவருக்கு ஒரு டெலிகேட்கூட இல்லை. அன்று இரவே போட்டியிலிருந்து விலகினார்.

2008-ல் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதினார்கள். ஐடஹோ சின்ன ராஜ்யம். அங்கே டெலிகேட்டுகளை முடிவு செய்தது பிரைமரி அல்ல. கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடித் தீர்மானிக்கும் 'காகஸ்' கூட்டம். வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம் பேர். ஒபாமாவுக்கு அங்கே 12 டெலிகேட் அதிகம் கிடைத்தது. அதே நாளில் நியூஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த ஹிலாரிக்கு அதிகம் கிடைத்தது 11! காரணம், ஐடஹோவில் ஒபாமா அடித்து நொறுக்கினார். நியூஜெர்சியில் ஹிலாரியின் வெற்றி நெருக்கமானது. பங்கு முறையில் நெருக்கமாக ஜெயித்தால் லாபம் சொற்பம். ஒபாமாவின் ஆட்கள் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தார்கள். சின்ன ராஜ்யங்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ்ந்தார்கள்!

2024-ல் நடந்தது இன்னும் விசித்திரம். ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் ஜனாதிபதி பைடன் ஜெயித்து டெலிகேட்டுகளைச் சேர்த்துவிட்டார். ஜூலை 21-ந் தேதி திடீரென்று விலகினார். மறுபடி பிரைமரி நடத்த நேரம் இல்லை. முடிவு டெலிகேட்டுகள் கைக்குப் போயிற்று. மகாநாடு கூடுவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் மூலம் ஓட்டுப் போட்டு, நூற்றுக்கு 99 பேர் கமலா ஹாரிசைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் கிராமம் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர். அங்கே கோவிலில் பூஜை நடந்தது. நவம்பரில் டிரம்பிடம் அவர் தோற்றார்.

மறுபடி கொங்கு நாடு

நம் ஊர்க் கட்சிகளுக்கும் விதிப் புத்தகம் உண்டு. அண்ணா தி.மு.க.வில் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. ஜெயலலிதா மறைந்த பின், 2017-ல் பொதுக்குழு கூடி அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. ஒருங்கிணைப்பாளராக ஓ.பன்னீர்செல்வமும், இணை ஒருங்கிணைப்பாளராகச் சேலம் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமியும் வந்தார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு சாரதி.

2022 ஜூலை 11-ந் தேதி, சென்னை வானகரத்தில் பொதுக்குழு. மொத்த உறுப்பினர்கள் 2,600-க்கும் மேல். பெரும்பாலோர் பழனிசாமி பக்கம். இரட்டைத் தலைமை போயிற்று. பொதுச்செயலாளர் பதவி திரும்பி வந்தது. அவர் இடைக்காலப் பொதுச்செயலாளரானார்.

அன்றைக்கே இன்னும் சில வரிகள் சேர்ந்தன. பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் ஐந்து வருஷம் தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். கடைசியில் ஓட்டுப் போடுகிறவர் சாதாரண உறுப்பினர்தான். ஆனால் இருபது மாவட்டச் செயலாளர்கள் கையெழுத்து இல்லாமல் ஓட்டுச்சீட்டில் பெயர் ஏறாது! மாவட்டச் செயலாளர்கள் யார் பக்கமோ, சீட்டில் பெயர் அவருக்குத்தான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. பொதுக்குழு கூடியது செல்லும் என்று 2023 பிப்ரவரி 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பழனிசாமி மட்டும் மனுப் போட்டார். தேர்தலுக்குத் தடை கேட்ட மனுக்களை மார்ச் 28-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தள்ளியது. அன்றைக்கே அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அடிப்படை உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டிய வேலையே வரவில்லை.