அகராதியே புரியலையா? 1,490 வார்த்தைகளில் கிடைத்த வழி!

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் வரும் ஊர் கிருஷ்ணன்கோவில். 1984-ல் இங்கே தொடங்கப்பட்ட கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இதுபோன்ற கல்லூரிகளுக்குள் நுழையும் பிள்ளைகளை மிரட்டுவது பெரும்பாலும் கணக்கு அல்ல, ஆங்கிலம்தான்.

தெரியாத வார்த்தைக்கு ஆங்கில அகராதியைப் பார்த்தால், அந்த விளக்கத்திலேயே தெரியாத வார்த்தைகள் இரண்டு இருக்கும். அவற்றைத் தேடினால் இன்னும் நான்கு. பாதியில் அகராதியை மூடிவிடுகிறார்கள்.

டாக்கா ஆசிரியரின் தீர்வு

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர் மைக்கேல் வெஸ்ட். அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைக்கும் ஆங்கிலம் வாசிக்கும் திறமையாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர் கவலை. 1935-ல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில் சுமார் 24,000 சொற்களும் தொடர்களும் இருந்தன. அத்தனைக்கும் விளக்கம் எழுத அவர்கள் எடுத்துக்கொண்டவை வெறும் 1,490 எளிய வார்த்தைகள்!

அதே வழியில், 1978-ல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 வார்த்தைகளுக்குள் விளக்கம் தந்தது. 1987-ல் வந்த காலின்ஸ் கோபில்ட், ஒரு ஆசிரியர் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல முழு வாக்கியத்திலேயே பொருள் சொன்னது.

கேள்வித்தாளில் கவனம்!

பதில் தெரிந்தும் மதிப்பெண் போவதற்குக் கேள்வியில் உள்ள ஒரே ஒரு வார்த்தை காரணமாகலாம். இவற்றை மனதில் வையுங்கள்:

• டிஃபைன் – அது என்ன என்று ஓரிரு வரியில் சொல்.
• எக்ஸ்பிளெய்ன் – எப்படி, ஏன் என்று புரியவை.
• கம்பேர் – பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒற்றுமையும் வேற்றுமையும் சொல்.
• டிஸ்டிங்குவிஷ் – வேறுபாட்டைக் காட்டு.
• ஜஸ்டிஃபை – இது ஏன் சரி என்று காரணம் கொடு.
• டிரைவ் – கார் ஓட்டுவது அல்ல. சூத்திரம் எப்படி வந்தது என்று படிப்படியாகப் போட்டுக் காட்டு.

தெரிந்த வார்த்தையும் ஏமாற்றும். 'ஸ்ட்ரெஸ்' என்றால் வீட்டில் மன அழுத்தம். பொறியியல் வகுப்பில், ஒரு பொருளின் குறிப்பிட்ட பரப்பில் எவ்வளவு விசை என்ற கணக்கு.

நீங்களே எழுதலாம்

விளக்கம் எழுத இரண்டு படி போதும். முதலில், அது எந்த வகை? அடுத்து, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இனிப்பு. இது வகை. பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சிச் செய்வது. இது வேறுபாடு. இதையே உங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் எழுதிப் பாருங்கள்.

தினமும் மூன்று வார்த்தை போதும். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு விளக்கம், ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு மொபைலில், கற்பவர்களுக்கான அகராதி ஒன்றில் சரிபாருங்கள். ஒரு வருடத்தில் ஆயிரம் வார்த்தை தாண்டிவிடும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வங்கிப் படிவத்தைப் பார்த்துத் தயங்கும் அம்மாவுக்கும் இது உதவும்.