காத்திருப்பின் விலை

அண்மையில் சான்றிதழ் ஒன்றின் நகலைப் பெறுவதற்காகத் திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர். ஊழியர் கடமை தவறாதவர், கணினிதான் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் திறக்க இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆயின. "சிஸ்டம் ஸ்லோவா இருக்குங்க சார், கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர். நிலக்கோட்டைப் பக்கமிருந்து வந்திருந்த, பூப்பறிக்கும் பெண் ஒருவர், "இன்னிக்கு கூலி போச்சுங்க ஐயா" என்றார்.

அலுவலகக் கணக்கில் புதிய கணினியின் விலை செலவாகப் பதிவாகும். பழைய கணினியால் வீணாகும் நேரம் எங்கும் பதிவாவதில்லை. அந்தச் செலவை ஏற்பவர்கள் வரிசையில் நிற்பவர்களே. பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தால், ஒன்றரை நாள் உழைப்பு கரைந்துவிடுகிறது.

கணினி யுகம் எங்கும் தென்படுகிறது. உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் தென்படவில்லை என்ற கருத்தை, 1987-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ முன்வைத்தார். அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். கருவியை வாங்கினால் மட்டும் போதாது, பயிற்சியும் வேலைமுறை மாற்றமும் உடன்வர வேண்டும் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் விளக்கினர். பராமரிப்பையும் அதனோடு சேர்க்க வேண்டும் என்பேன்.

கணினி தாமதித்தால், குறை எங்கே என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கணினியிலேயே உள்ள கோப்புகள் விரைவாகத் திறந்து, இணையப் பக்கங்கள் மட்டும் தாமதித்தால், குறை இணைய இணைப்பிலோ, தொலைவிலுள்ள சர்வரிலோ இருக்கக்கூடும். அப்போது கணினியை மாற்றிப் பயனில்லை.

கோப்புகளும் தாமதித்தால், விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். திறக்கும் டாஸ்க் மேனேஜர், சுமை எங்கே கூடியிருக்கிறது என்பதைக் காட்டும். ரேம் எனப்படும் நினைவகம் நிரம்பினால், கணினி தன் டிஸ்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். மேசையில் இடமின்றிக் கோப்புகளை அடிக்கடி அலமாரியில் வைத்து எடுப்பதைப் போன்றது இது. தேவையற்ற பக்கங்களை மூடுவதும், தொடக்கத்திலேயே தாமாக இயங்கும் செயலிகளை நிறுத்துவதும் பலன் தரும். போதாதெனில், ரேமைக் கூட்டலாம்.

நினைவகத்தில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றால், சுழலும் தகடுகொண்ட பழைய ஹார்டு டிஸ்க் காரணமாக இருக்கலாம். ஒரு தகவலைத் தேடியெடுக்க அதற்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். எஸ்எஸ்டி-க்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். தகவல்களைப் பிரதியெடுத்துக்கொண்டு எஸ்எஸ்டி-யைப் பொருத்தினால், பழைய கணினியும் புத்துயிர் பெறும்.

நம் சமவெளியின் வெயிலும் புழுதியும் மற்றொரு காரணம். மின்விசிறியில் தூசி அடைத்து வெப்பம் ஏறினால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடைக்கு முன் தூசி அகற்றுவது செலவில்லாத வைத்தியம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பல, விண்டோஸ் 11-க்கான தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. அவற்றை உடனே குப்பையாக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் சில பணிகளுக்கேனும் உதவும். பூட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில், பூட்டு இறுகினால் எவரும் கதவை மாற்றுவதில்லை.

ஒவ்வோர் அலுவலகத்திலும் மாதம் ஒருமுறை கணினிகளைச் சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தாமதமான நேரத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சிறு பழுதுகளுக்கு மேலிட அனுமதிக்காகக் காத்திராமல் செலவிடும் அதிகாரத்தை அலுவலகத் தலைவருக்கு அளிக்க வேண்டும். அந்தப் பெண் இழந்த ஒரு நாள் கூலியும் பொதுச் செலவுதான். அது எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை, அவ்வளவே.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).